பொந்தைக் காட்டிக்கொடுத்தவன்

காட்டிக்கொடுத்தவன் நான்தான். என் மைத்துனன் மாதேஷ் அல்ல.

மைசூரு மண்டி மொஹல்லாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறானால் வனப் பிரியன்! பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கழுத்தில் முழ நீள லென்ஸ். எங்கள் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புலியைக் காக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசுவோம். அந்தப் புலி சாலைக்கு வந்துவிட்டால் அதற்கு வழிவிட மாட்டோம். தூ!

மாதேஷ் ஹனூர்க்காரன், என் மனைவியின் தம்பி. சரணாலயத்தில் தற்காலிகக் காவலர் வேலை. அந்த வேலைக்காகவே குடியை விட்டவன். அருகி வரும் செந்நாய்கள் குட்டி போட்டிருந்த ஒரு பாறைப் பொந்து அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் கெஞ்சிக் கூத்தாடியதால், ஒரே ஒரு முறை தொலைவிலிருந்து காட்டினான்.

“மாமா, ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. ஆளுக வந்தா தாய் குட்டியத் தூக்கிட்டு எடம் மாறீரும். எம் பொழப்பும் போயிரும்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையாடா?” என்றேன்.

அங்கே நான் எடுத்த குட்டிகளின் படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு பெரிய மனிதர் கேட்டார்: “ஜூவுல எடுத்ததா சார்?”

அவ்வளவுதான்... என் மானம் போய்விட்டதாம்! பாறையின் முழுப் படத்தையும் அங்கே போகும் வழியையும் அனுப்பிவிட்டேன். எதற்காக? “சூப்பர் சார்” என்ற இரண்டு சொல்லுக்காக!

அடுத்த ஞாயிறே கார்கள் போய் நின்றன. மிரண்ட தாய், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பட்டப்பகலில் சாலையைக் கடந்தது. கடைசிக் குட்டிக்குப் பொறுமை இல்லை. தானே நடந்து வந்துவிட்டது. படமெடுக்க வாகாகக் காரைப் பின்னால் எடுத்தவர் அதைப் பார்க்கவில்லை...

அன்று மாலை குழுவில் எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

விசாரணை வந்தது. “ஆரையும் கூட்டிட்டுப் போகலீங்க” என்று மாதேஷ் சாதித்தான். என் பெயரை அவன் சொல்லவே இல்லை! குடித்துவிட்டு எங்கோ உளறியிருப்பான் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள்.

“மறுக்காவும் குடிக்க ஆரம்பிச்சுட்டானாங்க?” என்று என் மனைவி அழுதாள்.

“நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்றேன். அதைச் சொன்னபோது என் குரல்கூட நடுங்கவில்லை! என்னைவிடக் கேவலமான பிறவியை நீங்கள் கண்டதுண்டா?

இப்போது அவன் மைசூருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல் நிற்கிறான். கார்களுக்குக் கதவு திறந்துவிடுகிறான். ஏன் என்னைச் சொல்லவில்லை? அக்காளின் குடும்பம் கெட்டுவிடும் என்றா? அல்லது, நானாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறானா? கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. உங்களிடம் சொல்வது எளிது... நீங்கள் என் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை.

அவன் வருகிறான். ஞாயிறுதோறும். கூடத்தில் அந்தக் குட்டிகளின் படம் இன்னும் தொங்குகிறது. அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவான். உட்காரும் முன் என் மனைவி அவன் முகத்தருகே போகிறாள்.

“ஊதுடா.”

“ஊதறேங்க்கா.”

ஊதுகிறான். அவள் மோந்து பார்த்துவிட்டுத்தான் தட்டு வைக்கிறாள். அவ்வளவு நேரமும் அவன் கண் என் மேலேயே இருக்கிறது.

நான் ரசம் கேட்கிறேன்.