தொடாமல் எழுதிய ரத்த அழுத்தம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. சுகாதாரத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். சிதம்பரத்தில் இருக்கிறேன். குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு மூன்று காணி நிலம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை மினி பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போகும்போது துணிப் பையில் தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம், ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். ஒரு நாளைக்கு மூன்று முறை எனக்கு நானே பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர் யாரும் இல்லை.

போன வருடம் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினாலு பெண்கள். அவர்களில் ஒருவர் வரப்பில் ஏறி உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். காலனியைச் சேர்ந்தவர். ஐம்பத்திமூன்று வயது. இருபது வருடமாக எங்கள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் வருகிறவர். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் 'நீ, வா' என்றுதான் பேசிவந்திருக்கிறேன். அவரைவிட இருபத்தைந்து வயது இளைய கிராம நர்ஸை 'வாங்கம்மா' என்பேன். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆனது.

"என்னா பண்ணுது?"

"தலை கிர்ருன்னு சுத்துது சார். பொடனியில யாரோ கல்லு வச்ச மாதிரி கனக்குது."

மோட்டார் கொட்டகை நிழலுக்கு வரச் சொன்னேன். பையிலிருந்து மெஷினை எடுத்தேன். எடுத்துவிட்டு நின்றேன். ஏழெட்டு வினாடி இருக்கும். பிறகு மெஷினைக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஒரு கஜம் தள்ளி நின்று, "அந்தத் துணியை நீயே கையில சுத்திக்க, முட்டிக்கு மேல" என்றேன். அவர் சுற்றினார். பட்டனை அழுத்தினார். பிழை என்று காட்டியது. இரண்டாவது முறையும் பிழை. ஒற்றைக் கையால் இறுக்கிச் சுற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது அதுதான். மூன்றாவது முறை நானே சுற்றினேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்று நான்குக்கு நூற்றுப் பத்து. எந்த நேரமும் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கக்கூடிய அளவு.

"மாத்திரை சாப்பிடலையா?"

"ஒரு நாள் உட்டதில்ல சார். நர்சம்மா மாசாமாசம் குடுக்குறாங்க. நல்லாருக்குன்னுதான் எழுதியிருக்காங்க."

இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். எட்டு மாதம், எட்டு வரி. எட்டிலும் நூற்று முப்பதுக்கு எண்பது. மனித உடம்பு அப்படி இருக்காது. எனக்கே காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மின்கட்டண ரசீது வந்த அன்று வேறொன்று.

அந்த வாரமே துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். பழைய ஆள் என்பதால் நர்ஸ் நாற்காலி போட்டு, கேட்டதும் பதிவேட்டையும் எடுத்துக் கொடுத்தார். எண்ணினேன். ஊர்த்தெருவில் எண்பத்தேழு பேர். நூற்று இருபத்திரண்டு, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று அறுபத்தாறு என்று எண்கள் மேலும் கீழுமாக இருந்தன. காலனியில் அறுபத்தொரு பேர். அதில் ஐம்பத்தெட்டு பேருக்கு நூற்று முப்பதுக்கு எண்பது. மூன்று பேருக்கு நூற்று இருபதுக்கு எண்பது. ஐம்பத்தெட்டு பேரில் ஒருவர் இறந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. அவருக்கும் அழுத்தம் சீராகவே இருந்தது.

"என்னம்மா இது?"

அந்தப் பெண் கெட்டவர் இல்லை. தெற்கே வேறு மாவட்டத்திலிருந்து வந்து ஊர்த்தெருவில் வாடகைக்கு இருக்கிறார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மெஷின் ஒண்ணுதான் சார். வந்த புதுசுல எல்லாருக்கும் சுத்துனேன். அடுத்த மாசம் ஊர்த்தெரு அக்கா ஒருத்தவுங்க ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துட்டு வந்து, 'இத நல்லா தொடச்சிட்டு எனக்குக் கட்டு'ங்கிறாங்க. அதுக்கு அடுத்த மாசம் தொடச்சும் கை நீட்ட மாட்டேன்னுட்டாங்க. நான் இருக்கிற வீட்டுக்காரம்மாவே அப்படித்தான். நான் என்னா சார் செய்யட்டும்?"

"அதுக்காகப் பார்க்காமலே எழுதுவீங்களா?"

"எப்படி இருக்குன்னு வாயால கேட்டுக்குவேன். மாத்திரையில மட்டும் கை வைக்க மாட்டேன் சார், கரெக்டா குடுத்துடுறேன். நீங்க டிபார்ட்மெண்ட்ல இருந்தவுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா? என் காலத்தில் இப்படிப்பட்ட பதிவேடுகள் எத்தனை என் கையைக் கடந்து போயிருக்கும்! அடித்தல் திருத்தல் இல்லாத, ஒரே மாதிரி எண்கள் வரிசையாக நின்ற பக்கங்களைப் பார்த்து, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, 'பதிவேடு சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கிறேன். கொசுப்புழுவைக் கரண்டியில் மொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிய ஆள் நான். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் நோட்டீஸ் கொடுத்தோம். காய்ச்சல் வந்த தெருவுக்கு அன்று சாயங்காலமே புகையடித்தோம். தீண்டாமைக்கு என்ன செய்தோம்? வருடத்துக்கு ஒருமுறை அலுவலக வாசலில் வரிசையாக நின்று, கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். முப்பது முறையாவது எடுத்திருப்பேன். முடிந்ததும் டீ, இரண்டு பிஸ்கட்.

மனு எழுதினேன். நான்கு பக்கம், ஒரு அட்டவணை. களையெடுக்க வந்த அந்தப் பெண்மணியின் அட்டையை நகலெடுத்து இணைத்தேன். அவரிடம் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அங்க போனா ஒரு நாள் பூரா போயிடும் சார். களை சீசன். நீங்கதான் மனு குடுக்குறீங்களே, இங்கேயே சரியா பார்த்துட மாட்டாங்களா?"

பார்த்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு நான்தான் பொறுப்பு.

கடலூருக்குப் போனேன். சிதம்பரத்திலிருந்து போகும் வழியில் வேகத்தடை மட்டும் முப்பத்தாறு. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு இடம்தான் இப்படி என்று எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு அதிகாரி கூப்பிட்டார். என் மகன் வயது. மரியாதையாகப் பேசினார். நான்கு பக்கத்தையும் படித்தார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"சார், இதை எந்தத் தலைப்புல ஏத்துறது? சிஸ்டத்துல மருந்து இல்ல, டாக்டர் இல்ல, உபகரணம் இல்ல, கட்டடம் பழுதுன்னு இருக்கு. தீண்டாமைன்னா அது போலீஸுக்குப் போற கேஸ். சுகாதாரத்துல அந்தத் தலைப்பே கிடையாது."

"அது அந்த அம்மாவோட உயிரை எடுக்குதே, சுகாதாரம் இல்லையா?"

"கரெக்ட்தான் சார். ஆனா போலீஸ்னு போனா, அந்த நர்ஸ் சஸ்பெண்ட், ஊர்ல பிரச்சனை, காலனிக்காரங்களுக்கு வேலை குடுக்க மாட்டாங்க. நீங்க பெரியவுங்க, யோசிங்க. 'உபகரணப் பற்றாக்குறை'ன்னு போட்டுடுறேன். ஒரு மாசத்துல ஆக்‌ஷன் வந்துடும்."

தலையாட்டினேன். சீக்கிரம் நடந்தால் சரி என்று நினைத்தேன். வாழ்க்கை முழுக்கப் படிவங்களை நிரப்பியவனுக்கு, கட்டத்துக்குள் அடங்காத விஷயத்தை அடங்குகிற ஏதாவது ஒரு கட்டத்தில் தள்ளிவிடுவது கைவந்த பழக்கம். அதைத்தான் செய்தேன்.

ஐந்து வாரம் கழித்துக் கைபேசியில் செய்தி வந்தது: உங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த மாதம் நர்ஸ் வருகிற நாளில் நானும் போனேன். கோயிலுக்குப் பக்கத்துப் பொதுக் கட்டடத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஊர்த்தெரு ஆட்கள் உள்ளே பெஞ்சில். காலனிக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில், வழக்கம்போல. மேசை மேல் இரண்டு மெஷின். புதியதன் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் 'கா' என்று எழுதியிருந்தது.

"உங்க மனுவாலதான் சார் வந்துச்சு" என்றார் நர்ஸ். மனசாரச் சந்தோஷப்பட்டார். "காலனிக்குன்னே தனி மெஷின். இனிமே எல்லாருக்கும் கரெக்டா பார்த்துடலாம்."

பெஞ்சிலிருந்த ஒருவர், எனக்குத் தூரத்து மச்சான் முறை, குரல் கொடுத்தார்: "என்னா மச்சான், அவுங்களுக்குப் புதுசு, எங்களுக்குப் பழசா? கவர்மெண்ட்டு எப்பவும் அவுங்க பக்கந்தான்."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். மரத்தடியில் இருந்த ஒரு பெரியவரும் விடவில்லை. "நர்சம்மா, இந்த மெஷின்ல ஏறுற பிரஷரு இங்கேயே எறங்கிடுமா, இல்ல ஊர்த்தெரு வழியா சுத்திக்கினுதான் வருமா?"

அங்கேயும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. அவர் முறை வந்தது. மேசைக்கு முன்னால் வந்து, அந்த எழுத்தைப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு திரும்பி நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். என் வயதில் ஓடக்கூடாது. "நில்லு, நில்லு. ஒரு நிமிஷம் கையை நீட்டிட்டுப் போ. உன் உசிரு முக்கியமா, அந்த எழுத்து முக்கியமா?"

அவர் நின்றார். கோபமாகக்கூட இல்லை.

"அஞ்சு வாரம் இதுக்கா சார் காத்திருந்தேன்? முன்னாடியாவது மெஷின் பத்தலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"நான் கேட்டது இது இல்ல…"

"நீங்க என்னா கேட்டீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? அன்னிக்குக் கொட்டாயில என்னையே சுத்திக்கச் சொன்னீங்க. ரெண்டு வாட்டி தப்பான பிறகுதான கிட்ட வந்தீங்க."

கவனித்திருக்கிறார். நான் மட்டுமே எண்ணுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் சிதம்பரத்துக்கு வந்தார். நான் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து கூடப் போனேன். வரிசையில் அவருக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். இருநூற்று நான்குக்கு நூற்றுப் பதினாறு. பயிற்சி டாக்டர் பெண், இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது, எதுவும் கேட்காமல் மணிக்கட்டைப் பிடித்து முழுசாக ஒரு நிமிடம் நாடி பார்த்தாள். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். "இவ்வளவு நாள் யாரும்மா பார்த்தாங்க?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சிறுநீரகம் லேசாகப் பாதித்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது மாதம்தான் நூற்று நாற்பதுக்கு வந்தது.

சிறுநீரகம் பழையபடி ஆகாது. மாதம் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

அந்த நான்காவது மாதம் கடலூரிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார்.

"சார், உங்க மனுவுல இருக்கிற பயனாளி மூணு மாசமா விடுபட்டவுங்க லிஸ்ட்ல வராங்க. எங்க சதவீதம் அடிபடுது. நீங்க கொஞ்சம் பேசி வரவைக்க முடியுமா?"

வயலில் வைத்து அவரிடம் சொன்னேன். 'நீங்க' என்று கூப்பிட முயன்றேன். வாய் வரவில்லை, மொட்டையாகச் சொல்லி முடித்தேன். அவர் நாற்றுமுடியைக் கட்டிக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னார்.

"வரேன்னு சொல்லுங்க சார். அந்தக் கட்டடத்துக்குள்ள, பெஞ்சில ஒக்கார வச்சி, எல்லாரும் பாக்க என் கையைப் புடிச்சிப் பாக்கட்டும். அந்த மாசம் வரேன்."

அதை அப்படியே போனில் சொன்னேன். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "வர விருப்பமில்லைன்னு போட்டுக்கவா சார்?"

"அவுங்க அப்படிச் சொல்லலம்மா."

"புரியுது சார். ஆனா ஏதாவது போட்டாத்தான் மூட முடியும்."

மூடிவிட்டார்கள். வியாழக்கிழமை அவர் முதல் மினி பஸ்ஸில் சிதம்பரம் போனார். அன்று எங்கள் வயலில் நாற்றுப் பறிக்கப் பதிமூன்று பேர்தான்.