ஊதக் கூடாத முப்பது செகண்ட்

போன வாரம் ஒரு நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் செய்த குற்றம்? ஊதினேன். அவ்வளவுதான்!

நடந்தது இதுதான். கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை இரண்டு கிலோகூட இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. கிருமித் தொற்றாக இருக்கலாம், உடனே நரம்பு வழியாக மருந்து ஏற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். வலது கையில் ஏற்கனவே ட்ரிப்ஸ் ஊசி போட்ட இடம் வீங்கி, கழற்றியாகிவிட்டது. இனி இடது கைதான்.

கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். கூட இருந்த இன்னொரு சிஸ்டர் ஒரு பிரசவத்துக்கு ஓடிவிட்டார். குழந்தையின் அப்பா — கரும்புத் தோட்டத்தில் பாம்பைக் கண்டால்கூட அசராதவர் — ஊசியைப் பார்த்ததும் வெளியே நழுவினார்.

"மச்சான், நீங்க போங்க. எனக்கு ஒரு மாதிரி வருது..."

தாய்மாமன் ஆயிற்றே! காது குத்த மடி கொடுக்க வேண்டியவன்; ஒத்திகை சீக்கிரமே வந்துவிட்டது. கை கழுவி, கவுன், மாஸ்க், கையுறை எல்லாம் மாட்டி உள்ளே போனேன்.

ஊசி போட இருந்த சிஸ்டருக்கு ஊர் சங்கராபுரம் பக்கம். அந்தத் துளியூண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஒரு நரம்புதான் சார் நல்லா தெரியுது. இது போச்சுன்னா தலையிலதான் தேடணும்."

தலையிலா?

பஞ்சால் மருந்தைத் தொட்டு அந்த இடத்தைத் துடைத்தார். "ஸ்பிரிட்டா சிஸ்டர்?" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

"ஸ்பிரிட்டு நமக்கு சார். இது கொறைமாசக் கொழந்த, தோலு வெங்காயச் சருகாட்டம் இருக்குது, வெந்துடும். இதுக்கு மருந்து வேற. முப்பது செகண்ட் அதுவே காயணும். அப்பத்தான் கிருமி சாவும்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. எரிகிறதோ? என் மாஸ்க் அதற்குள் தாடைக்கு இறங்கியிருந்தது — மாஸ்க்கின் பிறவிக் குணம் அதுதானே! குனிந்தேன். "ஊ... ஊ..."

"சார்! இன்னா பண்றீங்க?"

"எரியுமேன்னு..."

"உங்க வாயில இருக்கறதெல்லாம் அந்தக் கையில போயி குந்திக்கினு இருக்குது இப்போ. அதுமேல ஊசி போட்டா நேரா ரத்தத்துக்குத்தான் போவும். மருந்து ஏத்த வந்துட்டு வியாதிய ஏத்தச் சொல்றீங்களா?"

எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. பாசத்தில் ஊதியது பாவமாகிவிடுமா?

யோசித்துப் பாருங்கள்... எது தானாகக் காயும்வரை நாம் விட்டிருக்கிறோம்? ஓட்டுப் போட்டு வெளியே வந்ததும் விரல் மையை ஊதுகிறோம். 'பெயின்ட், தொடாதே' என்று எழுதியிருந்தால், காய்ந்துவிட்டதா என்று தொட்டே பார்க்கிறோம். எங்கள் தெரு சிமென்ட் ரோட்டில் ஒரு நாயின் காலடியும் ஒரு செருப்புத் தடமும் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. நாய் யாருடையது என்று தெரியாது. செருப்பு என்னுடையது.

சிஸ்டர் என் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவதான் தொடைக்க முடியும். அதுக்கு மேல தேய்ச்சா தோலு தாங்காது. வாய் சும்மா இருந்தா ஊதும்... நீங்க எண்ணுங்க சார்."

எண்ணினேன். முப்பது இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பதினேழில் தலையைத் தூக்கினால் — கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, கன்னம் இரண்டும் உப்ப, மகள் கையைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறார்! கண்ணாடி முழுக்க ஆவி. பதினெட்டை இரண்டு முறை எண்ணிவிட்டேன். இருக்கட்டும், கூடக் கொஞ்சம் காய்ந்தால் நல்லதுதான்.

முப்பது. ஒரே குத்து. குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"கெடச்சிடுச்சி சார்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, கையுறையோடு எதையும் தொடக் கூடாதாமே!

அடுத்தடுத்த நாட்களில் மருந்து இறங்க இறங்க, குழந்தை பால் குடித்தது, முழித்துப் பார்த்தது. நேற்று ஊசியைக் கழற்றினார்கள். பிளாஸ்திரியை உரித்ததுதான் தாமதம் — வீல் என்று ஒரு அலறல். அந்த உடம்புக்குள் அவ்வளவு குரலா!

சிஸ்டர் சட்டென்று குனிந்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம்... "ஊ... ஊ..."

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

எண்ண ஆரம்பித்தேன் — "ஒண்ணு... ரெண்டு..."