ஜீப் கூரைமேல் வந்த இலை

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பாய்லர் கொதிப்பதைப் பார்த்தபோதுதான் அது மண்டையில் உறைத்தது. சோதனைக்குப் பறிக்கும் சாமை இலையை எதற்கு மலையிலிருந்து கீழே கொண்டுபோக வேண்டும்? வயலிலேயே, பறித்த கையோடு கொதிக்கும் கரைசலில் போட்டுவிட்டால் போதுமே! டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தும்விட்டேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரி ஃப்ரீஸரின் மூலையில், லேப் அக்கா நீல மையில் தேதி எழுதிவைத்த கடைசிக் குழாய் நினைவுக்கு வந்தது.

விரல் நுனி அளவுக் குழாய். உள்ளே இருப்பது ஆன்டிபாடி. மழை பொய்த்தால் சாமைப் பயிருக்குள் ஒரு புரதம் மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பும்; அப்போது அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும் என்பது எங்கள் எண்ணம். பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டுமே இந்த ஆன்டிபாடி பிடிக்கும். வெறும் புரதத்தைச் சீண்டாது. எங்கள் ஆய்வை நடத்தும் சார் பல மாதம் காத்திருந்து வாங்கியது. வந்த அன்றே அக்கா அதைச் சின்னக் குழாய்களில் பிரித்துவைத்தார். "தொறந்து தொறந்து மூடனா கெட்டுப்பூடும் தம்பி. ஒரு வாட்டிக்கு ஒண்ணு." ஒப்பந்த வேலைதான் அவருக்கு. கைப்பழக்கமோ எங்கள் எல்லோரையும்விட ஜாஸ்தி.

மலையிலிருந்து இலை கொண்டுவந்தவன் நான். ஐஸ் உருகி இலை வெதுவெதுப்பானால் அதிலுள்ள நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், கொதியில் போட்டால்தான் அந்த நொதிகளே செத்துப்போகும் என்று தெரிந்தவன்தான். அன்று ஷேர் ஜீப்பில் கால் வைக்க இடமில்லை. "பொட்டிய மேல போட்டுக்கலாம். இன்னா, ஓடியா பூடும்?" என்றார் டிரைவர். அடுத்த ஜீப்புக்கு நிற்க எனக்குப் பொறுமையில்லை. நடுவெயிலில், மூட்டைகளுக்கு நடுவே, ஐஸ் பெட்டி கூரைமேல் வந்தது. இறங்கித் திறந்தால் எல்லாம் தண்ணீர். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டு போனேன்.

"பரவால்லியே தம்பி, ஐஸ் அப்டியே கீது! வெயிலு உன்னப் பாத்துப் பயந்துக்கினு ஓடிடுச்சா?" என்று அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

சோதித்தபோது, ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்தால் படத்தில் விழவேண்டிய கருங்கோடு விழவில்லை. சார் அக்காவைத்தான் பார்த்தார். "குழாய வெளிய வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டியாம்மா?"

"எடுத்த கையோட உள்ள வச்சுட்டேங்க சார். முன்ன நல்லா கோடு வந்த பழைய சாம்பிள் ஒண்ணு கீது. அதையும் சேத்து ஒரு வாட்டி ஓட்டனா ஆன்டிபாடி கெட்டுதா இல்லியான்னு தெரிஞ்சிடுங்க."

"இருக்கறதையும் பாழாக்கவா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். சந்தேகத்தோடு அல்ல, எனக்காக இவனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்ற பார்வை. நான் பிப்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

இல்லாததை இல்லையென்றுதான் ஆன்டிபாடி சொன்னது. பொய் என்னுடையது. கெட்ட பெயர் மட்டும் அதற்கும் அவருக்கும். இப்போது சின்னசேலத்தில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறார். பஸ் ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுபடி செய்யப்போகிறேன். வயலிலேயே கொதிக்கவைத்த இலை, வெயிலில் வைத்த இலை, அக்கா சொன்ன பழைய சாம்பிள், மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். கோடு விழும் என்றே நினைக்கிறேன். ஆனால் விழுந்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனால், அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான். நாளை கள்ளக்குறிச்சியில் நான் ஏறுவது மலை பஸ் அல்ல, சின்னசேலம் பஸ். அந்த ஐஸை எங்கே வாங்கினேன் என்று முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், பிறகு சாரிடம். அதுவரை நீல மைக் குழாயை நான் தொடப்போவதில்லை.