ஓரகத்தியின் அமைதியான போன்

என் ஓரகத்தியின் போனுக்கு லோன், மனை என்று எந்த அழைப்பும் வருவதில்லை. இணையத்தில் கிடக்கும் அவள் விவரங்களை நீக்க, அமெரிக்காவிலுள்ள அவள் மகன் ஒரு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறான்.

"உங்களுக்கு இன்னும் கால் வருதுங்களாக்கா?" என்று அவள் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அதேபோல் நீக்கித் தருவதாக விளம்பரத்தில் பார்த்த ஏதோவொரு நிறுவனத்தின் படிவத்தில் என் ஆதாரை ஏற்றப் போனேன். என் மகள் போனைப் பிடுங்கினாள்.

"அழிக்கறதுக்கு எதுக்குங்கம்மா ஆதார்? தொண்டாமுத்தூர் தோட்டம் எத்தனை ஏக்கர்ங்கறதையும் உங்க நம்பரையும் சேத்து, என்ற ஜாதகத்த எத்தனை குரூப்புல போட்டீங்க? அதனாலதான் இத்தனை கால் வருது."

பதினோரு வாட்ஸ்அப் குரூப். ஓரகத்தி மகளுக்கு முன்னால் என் மகளுக்கு வரன் அமைய வேண்டுமென்ற அவசரம்.

இப்போது ஜாதகத்தில் ஏக்கரும் இல்லை, நம்பரும் இல்லை. நேரில் கேட்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அழைப்புகள் குறைந்துவிட்டன. நேற்று ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஓரகத்தி பேசினாள். அவள் மகளுக்கு வரன் அமைந்துவிட்டதாம்.