பெயர் போடாத வரவேற்பு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அப்பாவும் அம்மாவும் பைராம் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியும் உதிரிப்பழம் பொறுக்கியும் என்னைப் படிக்க வைத்தார்கள். பினாங்கில் ஒரு சமூகக் கல்லூரியில் கணக்கியல் விரிவுரையாளர் வேலை கிடைத்ததும், வேலை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பசாருக்குப் போனேன். மீன் விற்பவர்கூட அதைப் படித்துப் பார்த்தார்.

நான் பெருமைப்பட்ட அந்தக் கல்லூரி அப்போதே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தீவில் தலைமை வளாகம், பெருநிலத்தில் பத்து காவானில் ஒரு கிளை. மாணவர் குறையக் குறைய நிர்வாக வாரியம் இயக்குநரை மாற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் வந்து கல்லூரிச் சின்னத்தை மாற்றினார். அடுத்தவருக்கு அந்தச் சின்னம் பிடிக்கவில்லை. பெயர்ப்பலகையோடு சேர்த்து அதையும் மாற்றினார். பழுதான ஏர்கண்டிஷனை மட்டும் யாரும் மாற்றவில்லை.

யார் வந்தாலும் வரவேற்பு விருந்து ஒரே மாதிரிதான். ஊழியர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும். ஒட்டரிசியில் பொங்கிய மஞ்சள் புலுட் சோறும், தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த கோழி ரெண்டாங்கும் இருக்கும். புதியவருடன் குழுப்படம் எடுத்து அன்றைக்கே கல்லூரியின் முகநூல் பக்கத்தில் போட்டுவிடுவோம்.

பெயர்ப்பலகைக்காரர் திடீரென்று போன பிறகு, பாலர் கல்வித் துறைத் தலைவியைப் பொறுப்பு இயக்குநராக உட்கார வைத்தார்கள். கெலுகோரில் குடியிருந்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்மணி அவர். மாணவர்களைப் போலவே நாங்களும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். இயக்குநர் அறையை அவர் திறக்கச் சொல்லவே இல்லை. பத்து காவானுக்குப் போய், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் நின்று, இறங்கும் பெண்களிடம் ஏன் படிக்க வரவில்லை என்று கேட்டார். இந்த வாரம் பகல் வேலை, அடுத்த வாரம் இரவு வேலை, எந்த வகுப்புக்கு வருவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரே பாடத்தைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நடத்தினோம். எந்த ஷிஃப்டில் இருந்தாலும் ஏதாவது ஒன்றுக்கு வந்துவிடலாம். என் வகுப்பில் நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து இழுத்து வந்தேன். அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனால் பொறுப்பில் இருப்பவர் தொடங்கியதை அடுத்து வருபவர் ஒரே வார்த்தையில் நிறுத்திவிட முடியும். மிஸ்ஸை நிரந்தரமாக்கினால்தான் ஷிஃப்ட் வகுப்பும் நிலைக்கும். அதனால் புதிய இயக்குநரை முடிவு செய்ய வாரியக் கூட்டம் என்றதும் எல்லாரும் அதையே பேசினோம். விருந்துகளை எல்லாம் முன்நின்று நடத்தும் அலுவலக அக்கா, பேச்சோடு நிற்காமல் மிஸ்ஸுக்கான விருந்து வேலையில் இறங்கிவிட்டார்.

"அறிவிப்பு வரட்டும்லா. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் மிஸ்.

"மிஸ், வந்தவன் போனவனுக்கெல்லாம் சோறு போட்டோம். உங்களுக்குப் போடக் கூடாதா? நீங்க சும்மா இருங்க."

கூட்டம் நடக்கும் நாளிலேயே விருந்து என்று முடிவானது. வழக்கப்படி வாரியத்துக்கும் அழைப்பு போனது. அதில் பெயர் இல்லை. 'புதிய இயக்குநருக்கு வரவேற்பு' என்று மட்டும் இருந்தது. ஏன் என்று நான் கேட்டதற்கு, "முன்னாடியே பேர போட்டா கண்ணு பட்டுரும்லா, ஒனக்கு ஒன்னுமே தெரியாது" என்று அக்கா அதட்டினார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அன்று நாங்கள் எல்லாரும் ஊதா நிறம். அக்கா லிட்டில் இந்தியாவிலிருந்து மாலை வாங்கி வந்து கையிலேயே வைத்திருந்தார். மிஸ் பெயர் எழுதிய கேக் பெட்டிக்குள் இருந்தது.

கூட்டம் முடிந்து வாரியத் தலைவர் மண்டபத்துக்குள் வந்தார். கூடவே பட்டு பாத்தேக் சட்டை போட்ட ஒருவர். தலைவர் மேசையைப் பார்த்தார், எங்கள் ஊதாவைப் பார்த்தார், மனம் குளிர்ந்து சிரித்தார். "இப்போதுதான் முடிவு செய்தோம், அதற்குள் எல்லாம் தயாரா!" என்று மலாயில் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் தோளில் கை வைத்தார். "இவர்தான் உங்கள் புதிய இயக்குநர்."

யாரோ ஒருவர் பழக்கத்தில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நான் கேக் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அக்கா மாலையோடு அப்படியே நின்றார். மிஸ்தான் முதலில் நகர்ந்தார். அக்காவின் கையிலிருந்து மாலையை மெல்ல வாங்கி, முன்னே போய், அந்த மனிதரிடம் நீட்டி, நல்வரவு சொன்னார். அவர் தலை குனிந்து போட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போலக் குழுப்படம் எடுத்தோம். அதில் நான் முன்வரிசையில் நின்று சிரித்தேன். கேமரா முன்னால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

தலைவரின் மைத்துனருடைய கார் ஷோரூமை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். கல்லூரி பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நாங்கள் கேண்டீனில் கேட்டுக்கொண்டிருந்தபோதே, ஒரே பாடத்துக்கு எதற்கு இரண்டு வகுப்பு என்று அவர் கேட்டுவிட்டார். அந்த செமஸ்டரோடு ஷிஃப்ட் வகுப்பு முடியும் என்று அறிவித்தார்.

மிஸ், அக்கா, நான் மூவரும் தலைவரைப் பார்க்கப் போனோம். வகுப்பை மூட வேண்டாம், இந்த நியமனத்தையும் வாரியம் மறுபடி யோசிக்க வேண்டும் என்று மிஸ் பதமாகவே பேசினார். தலைவர் கோபப்படவில்லை. கைப்பேசியை எடுத்து அந்தக் குழுப்படத்தைக் காட்டினார். "மாலை போட்டது நீங்கள். சோறு போட்டது நீங்கள். ஊழியர்களுக்கு இவ்வளவு பிடித்த ஒருவர் மேல் இப்போது என்ன குறை?" என்றார். அது அந்தப் புதியவருக்காக வைத்த விருந்தே இல்லை என்று எப்படிச் சொல்வது? மிஸ்ஸை உட்கார வைத்துக்கொண்டு அவருக்கே பதவி எதிர்பார்த்தோம் என்று சொன்னால், வகுப்புக்காக அவர் பேசியதெல்லாம் நாற்காலி ஆசையாகிவிடும். மூவரும் எழுந்து வந்தோம்.

திரும்பும்போது காரில் அக்கா விடாமல் அழுதார். "என் வாயும் என் அவசரமும் மிஸ். நீங்க வேணாம்னுதானே சொன்னீங்க."

"நான் அந்த மாலைய தொடாம இருந்திருக்கலாம்" என்றார் மிஸ். "வந்தவங்கள நிக்க வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு வரலம்மா. அதான்."

அந்த செமஸ்டர் முடிவில் மிஸ் விலகிவிட்டார். இப்போது தேவாலயப் பாலர் பள்ளி ஒன்றில் இருக்கிறார். ஷோரூம்காரரும் ஓராண்டு தாங்கவில்லை. ஆனால் மூடிய வகுப்பை அடுத்து வந்தவர் திறக்கவில்லை.

அந்த செமஸ்டரில் பத்து காவானில் கடைசி மாலை வகுப்பு என்னுடையதுதான். முடிந்ததும், தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு மாணவி மட்டும் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இன்னும் ஒரு செமஸ்டர் படித்தால் அவர் கையில் சான்றிதழ் இருக்கும். அவர் வீட்டிலும் அதுதான் முதல் சான்றிதழ்.

"டீச்சர், கேட்டா தப்பா நெனைக்காதீங்க. ஃபேஸ்புக்ல படம் பாத்தேன். நீங்கதான் முன்னுக்கு நின்னு சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க. புடிச்சுப்போய்தானே அவர கூட்டிட்டு வந்தீங்க?"

"இல்லக்கா. அது அவருக்கு வச்ச விருந்தே இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

சொன்னேன். ஊதா உடை, பெயரில்லாத அழைப்பு, மாலை, எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு கட்டத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லா படிச்சவங்க இத்தன பேரு இருந்தீங்க, ஒருத்தர்கூடவா அத சொல்லல?" என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்ட குரல்.

பஸ் வந்துவிட்டதாகத் தோழி வாசலில் இருந்து கூப்பிட்டார். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இனி எங்களுக்குத் தோதா வேற எங்க டீச்சர் கிளாஸ் இருக்கு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஏற்கெனவே விசாரித்திருந்தேன். எங்கும் இல்லை.