மேலயா, கீழயா?

எங்கப்பா எய்த அம்பெல்லாம் குறி தப்பினதுக்கு நான்தான் காரணம். இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை பார்த்துட்டேன், முடியல. ஐம்பது தாண்டியும் இன்னும் கன்னம் சூடாகுது.

அப்போ எண்பதுகளோட ஆரம்பம். மலேசியாவுல, கேமரன் மலையில தானா ராத்தா டவுனுக்குக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருந்தோம். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில மெஷின் பார்க்கிற பிட்டர். சின்னத் துரை ஒருத்தர் வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குத் தன் வில்லைக் கொடுத்துட்டுப் போனார். சாமி படத்துல பார்க்கிற வில்லு இல்ல. ரெண்டு முனையிலயும் சக்கரம் வச்சு, நாண் குறுக்கும் நெடுக்குமா ஓடுற காம்பவுண்டு வில்லு. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய குறி பார்க்கிற சாமான்.

லயத்துக்குப் பின்னாடி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. சக்கரவள்ளியும் கீரையும் போட்டிருந்தோம். காட்டுப்பன்னி இறங்குச்சுன்னா ஒரே ராத்திரியில உழுது போட்டுட்டுப் போயிடும். அந்த வில்லால அடிச்சுக்கோன்னு பெரிய துரையும் தலையாட்டிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியல.

டின்னுல இருந்ததுல எதை மாட்டுறதுங்கிறதுதான் பெரிய பஞ்சாயத்து. ஒரு தகடுல மேலேருந்து கீழ வரிசையா ஊசி இருக்கும். கிட்ட நிக்கிற பன்னிக்கு மேல் ஊசி, தூரத்துல நிக்கிறதுக்குக் கீழ் ஊசி. இன்னொரு தகடுல ஒத்தை ஊசிதான். அப்புறம் சட்டைப் பொத்தான் மாதிரி கறுப்பு வட்டு ரெண்டு, நடுவுல ஓட்டை போட்டது. அதை நாணுக்குள்ள சொருகி, ஓட்டை வழியா ஊசியைப் பார்த்து எய்யணும். ஒரு வட்டுல மிளகு போற அளவு ஓட்டை, இன்னொண்ணுல கடுகு போற அளவு. எது நல்லதுன்னு சொல்ல ஆள் கிடையாது. அப்பாவே ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்தார்.

ஞாயித்துக்கிழமையானா தேயிலையைக் கவாத்து வெட்டின மலைக்குப் போவோம். சாக்குல லாலான் புல்லைத் திணிச்சு நிறுத்திட்டு அப்பா எய்வார். சாக்குல பட்டா அவருக்கே தெரியும். தப்பிப் போற அம்பு எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்துச் சொல்றதுதான் என் வேலை. ஊசியையே பார்த்துக்கிட்டிருக்கிற மனுசனுக்கு அம்பு போற வழி தெரியாதாம்.

"மேலயா, கீழயா?"ன்னு கேட்பார்.

"மேலப்பா."

உடனே ஸ்பேனரை எடுத்து ஊசியை நகர்த்துவார். மறுபடி தப்பும். "இப்போ?" "இடது பக்கம்பா." அந்தப் பக்கம் போய் ரெண்டு பேரும் தேயிலை அடியில குனிஞ்சு தேடுவோம். அம்பு எதிர்ப்பக்கம் கிடக்கும். "என்னடா இது, பேய் அம்பா இருக்கு"ன்னு அப்பா தலையைச் சொறிவார்.

பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எனக்கு அம்பும் தெரியல, சாக்கும் தெரியல. அங்க பழுப்பா ஏதோ நின்னுச்சு, அவ்வளவுதான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

கண்ணு தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. கண்ணு தெரியலங்கிறதே எனக்குத் தெரியாதே! கேமரன் மலையில பொறந்தவளுக்குத் தூரம்னாலே மூட்டம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், மத்தவங்க கெட்டிக்காரங்க, மூட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஊகிச்சுச் சொல்லிடறாங்க, எனக்குத்தான் மூளை மட்டுன்னு நெனச்சேன். புத்தகத்தை மூக்குக்கிட்ட வச்சா கடகடன்னு படிப்பேன். கரும்பலகை மட்டும் எனக்கு வெறும் கறுப்பு. பக்கத்துல இருக்கிறவ நோட்டைப் பார்த்து எழுதுவேன். வாத்தியார் பார்த்துட்டு, பெஞ்சு மேல ஏத்தி, "திருடி"ன்னார். ரோட்டுல யாராச்சும் கையாட்டினா எனக்குத் தெரியாது, பேசாம போயிடுவேன். "பிட்டர் மகளுக்குத் திமிரைப் பாரு"ன்னு அம்மாகிட்ட வந்து சொல்லுவாங்க. தானா ராத்தா பஸ் ஸ்டேஷன்ல ஒருநாள் யாரோ ஒரு ஆளோட கையைப் பிடிச்சு "அப்பா, ஐஸ்"ன்னேன். அந்தாளு சிரிச்ச சிரிப்புல ஸ்டேஷனே திரும்பிப் பார்த்துச்சு. மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அது ஆறாம் வகுப்பு வருசம். "இதுக்குப் படிப்பு ஏறாதுங்க"ன்னு வாத்தியார் அப்பாகிட்ட சொல்லிட்டார். அன்னைக்கு அப்பா ரோத்தான் பிரம்பால அடிச்ச அடி தொடையில ரொம்ப நாள் இருந்துச்சு. கீழே ஈப்போ டவுன்ல அப்பாவோட அக்கா இருந்தாங்க. தாயில்லாத அப்பாவை வளர்த்தது அவங்கதான். "படிக்காத புள்ளையை வச்சு என்ன பண்ணப் போற? எங்கிட்ட அனுப்பு, என் மருமக புள்ளையைப் பார்த்துக்கட்டும்"னாங்க. அப்பா சரின்னுட்டார். பள்ளி லீவு விட்டதும் அத்தை வந்து கூட்டிக்கிட்டுப் போறதா ஏற்பாடு. என்கூடப் படிச்சவளுங்கல்லாம் அடுத்த வருசம் தானா ராத்தாவுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போறாளுங்க, யூனிபார்ம் நீல கவுன் தைக்கக் கொடுத்தாச்சு. நான் மட்டும் ஈப்போவுல யாரோ புள்ளைக்குக் கால் கழுவணும். ராத்திரி போர்வையை வாயில அடைச்சுக்கிட்டு அழுவேன். ஆனா எதிர்த்துப் பேச எனக்கு என்ன தகுதி? மக்குதானே.

அந்தச் சமயத்துலதான் ஒருநாள் சாயங்காலம் பன்னி இறங்கிச்சு. லயமே வேடிக்கை பார்க்க வந்துடுச்சு. அப்பா வரிசை ஊசியை வச்சு எய்தார். அம்பு எங்கேயோ போச்சு. பன்னி சாவகாசமா ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டுத்தான் ஓடிச்சாம். "பன்னிக்கு வழி விட்டுட்டீங்களாண்ணே, நல்ல மனசுலா உங்களுக்கு"ன்னு ஒருத்தன் சொல்ல, பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்பா வீட்டுக்கு வந்து அந்தத் தகட்டைக் கழற்றி வீசினார். அவமானப்பட்டது அவர். என் வாய்தான் அந்த ஊசியைத் திருப்பி வச்சதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஒத்தை ஊசியை மாட்டினார். வட்டுல எதைச் சொருகலாம்னு யோசிச்சுக்கிட்டே, "இந்தா, இதைப் பிடி"ன்னு சின்ன ஓட்டை வட்டை என் கையில கொடுத்துட்டு நாணைப் பிரிச்சார். நான் சும்மா இருக்காம அதைக் கண்ணுல வச்சேன்.

எதிர்மலையில ஒரு பொம்பளை நின்னுக்கிட்டிருந்தா. தலையில செவப்புத் துணி. முதுகுல கூடை. பக்கத்துல ஒரு நாய். தேயிலைக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதை. எடுத்தேன், எல்லாம் பச்சையா கலைஞ்சு போச்சு. திரும்ப வச்சேன், நாய் காதைச் சொறியுது!

"அப்பா, இதுல பூதக்கண்ணாடி வச்சிருக்காங்களா?"

அப்பா வாங்கிப் பார்த்தார். "வெறும் ஓட்டைடி. இருட்டாத்தான் தெரியுது."

"இல்லப்பா, அந்த நாய் தெரியுதே!"

"நாய் சும்மாவே தெரியுதேடி..." ன்னவர் நிறுத்திட்டார். என்னைப் பார்த்தார். சரிவுல இறங்கிச் சாக்குகிட்டப் போய்க் கையை உசத்தினார். "எத்தனை விரல்?" வட்டு இல்லாம எனக்குக் கையே தெரியல. வச்சுப் பார்த்தேன். மூணு. மறுபடி கேட்டார். ரெண்டு. மறுபடி கேட்டார். அப்புறம் கேட்கல.

எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். வரல. மாட்டிக்கிட்டோம்னுதான் தோணிச்சு. மேலே வந்து அவர் கேட்டதும் அதைத்தான்.

"அப்போ, இத்தனை நாளா மேல, கீழன்னு சொன்னதெல்லாம்?"

"சும்மா சொன்னேன்பா."

அடி விழும்னு கண்ணை மூடிக்கிட்டேன். விழல. தொறந்து பார்த்தா, அப்பா தரையில உட்கார்ந்து என் தொடையையே பார்த்துக்கிட்டிருந்தார். தழும்பு காய்ஞ்சுதான் இருந்துச்சு. கவுனை இழுத்து மூடினேன். அவர் பார்த்தது எனக்குத் தாங்கல.

கண்ணு பார்க்கிற டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எப்பவாச்சும்தான் வருவார்னாங்க. அதுவரைக்கும் சின்ன ஓட்டை வட்டை நூல்ல கோத்து என் கழுத்துல மாட்டிவிட்டார் அப்பா. வில்லுக்குப் பெரிய ஓட்டையைச் சொருகிக்கிட்டு, "எனக்கு இதுதான்மா வாட்டம்"னார். "பொட்டப்புள்ளைக்குக் கண்ணாடி போட்டா எவன் கட்டுவான்?"னு அம்மா ஆரம்பிச்சாங்க. "வாயை மூடு"ன்னுட்டார். ஈப்போவைப் பத்தி மட்டும் யாரும் பேசல. கேட்க எனக்கும் தைரியம் இல்ல.

லீவு விட்டதும் அத்தை வந்தாங்க. பஸ் கீழே ரோட்டுலதான் நிக்கும், அங்கேருந்து லயத்துக்கு ஏறி வரணும். எப்பவும் வாசல்ல நின்னு கூப்பிடுற அப்பா, அன்னைக்கு பஸ் வர்றதுக்கு முன்னாடியே இறங்கிப் போயிட்டார். நான் லயத்து முனையில நின்னேன். கீழே ரெண்டு கலங்கின உருவம். பேச்சு கேட்கல. வட்டைக் கண்ணுல வச்சேன்.

அத்தை கையில பெரிய பை. எனக்குத் துணி வாங்கிக்கிட்டு வந்திருக்காங்கபோல. அவங்க விரலை நீட்டி நீட்டிப் பேசினாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஏதோ சொன்னார். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எங்கப்பா, துரைக்கே சலாம் போடத் தயங்குற மனுசன், நடுரோட்டுல, லோரி போய்க்கிட்டிருக்க, ரெண்டு கையையும் கூப்பினார். அப்புறம் குனிஞ்சு அவங்க காலைத் தொட்டார். அத்தை காலைப் பின்னாடி இழுத்துக்கிட்டாங்க.

வட்டைக் கண்ணுலேருந்து எடுத்துட்டேன். அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சவன் நாசமாப் போகட்டும்னு இருந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு அப்பா தனியா ஏறி வந்தார். கையில அத்தை கொண்டுவந்த பை இல்ல.

"அத்தைக்கு அவசரமாம், அடுத்த பஸ்ஸுல கிளம்பிட்டாங்க. நீ பள்ளிக்கூடம் போ"ன்னார். அப்புறம் என் கழுத்துல தொங்கின வட்டைப் பார்த்தார். "கீழ எங்களைப் பார்த்தியா?"

"இல்லப்பா," ன்னேன். "ஒண்ணும் தெரியல."