சீதன உறுதியில் நான் விட்ட வரி

எங்கள் குடும்பத்தின் பழைய சீதன உறுதியை முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். கண்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றிக் கதைத்தேன். ஒரு நாளும் முழுதாக வாசிக்கவில்லை. வாசிக்காத புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவர்களைக் கேலி செய்து இங்கே மொன்ட்ரியாலில் வரும் இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதியவனும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் மூதாதை ஒருவர் மகளின் கலியாணத்துக்கு என்னென்ன கொடுத்தார் என்று ஓலையில் எழுதிய பத்திரம் அது. ஓலை உக்கிப்போகும் என்று பயந்து பிற்காலத்தில் யாரோ காகிதத்தில் பார்த்தெழுதி வைத்தார். அதன் போட்டோக்கொப்பி அண்ணையிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மூதாதையின் பட்டங்கள் வரும் முதல் நாலு வரியும் எனக்கு மனப்பாடம். மிச்சத்துக்கு அண்ணை சொன்னது போதுமாயிருந்தது: "வளவு, வயல் எல்லாம் எங்கட. கிணறும் முழுக்க எங்கட."

டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், பழைய பத்திரிகைகள் உள்ள அறையில் எனக்கு வேலை. மைக்ரோபிலிம் சுருள்களை எடுத்துக் கொடுப்பேன். கோப்பி குடித்துக்கொண்டு வருபவர்களை முறைப்பேன். ஒரு மே மாதம் நாலு மாணவர்கள் கோடைப் பயிற்சிக்கு வந்தார்கள். இந்த நகரத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டு, விடுதலை தேடித் தப்பிப் போனவர்களின் வாழ்க்கையை ஆராய்வது அவர்கள் வேலை.

"மொன்ட்ரியாலில் அடிமைகளா?" என்று கேட்டேன். பதினெட்டு வருடம் அந்த அறையில் இருந்தவன் கேட்ட கேள்வி. அவர்கள் தேடி வந்த விளம்பரங்கள் எல்லாம் நான் தினமும் தூசி தட்டிய சுருள்களில்தான் இருந்தன. இன்ன வயது, இன்ன தழும்பு, கண்டவர் பிடித்துத் தரவும் என்று எசமான்கள் போட்டவை. ஓடியவர்கள் தங்களைப் பற்றி எழுதியது ஒன்றும் இல்லை. துரத்தியவன் எழுதியதை வைத்துத்தான் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நால்வரில் ஒருத்தி தமிழ்ப் பிள்ளை. இங்கேயே பிறந்தவள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பிள்ளை எவடம்?"

"மொன்ட்ரியால்-நோர்."

"அதில்லை. அம்மா, அப்பா ஊரிலை எவடம்?"

அம்மாவின் ஊரைச் சொன்னாள். எங்கள் ஊர். நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"எங்கட ஊரே? ஊருக்குள்ளை எவடம்? கோயிலடியோ, சந்தையடியோ, இல்லாட்டி அங்காலை வெளிப் பக்கமோ?"

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இடம் தெரிந்தால் சாதி தெரியும். நேரே கேட்கக் கூச்சப்படுபவர்கள் இப்படிக் கேட்பார்கள். நான் அந்த எண்ணத்தில் கேட்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்னும் முழுதாக நம்பவில்லை.

அவள் சுருளை மெசினில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உப்பிடி ஆரும் கேட்டால் பதில் சொல்லாதை எண்டு அம்மா சொன்னவ."

அதோடு அவள் என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்திப் பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். காலையில் பொன்ஜூர். சுருளைக் கொடுத்தால் மெர்சி. ஒருவரை இவ்வளவு மரியாதையாக அவமதிக்கலாம் என்பதை அந்தக் கோடையில்தான் அறிந்தேன்.

முதல்தரம் தமிழுக்குத் திரும்பியது திட்டுவதற்காக. மூன்று மொழி பேசும், நீலக் கோடு போட்ட பாவாடையும் புதுச் சப்பாத்தும் அணிந்து போன ஒரு பெண்ணைத் தேடும் விளம்பரம் திரையில் இருந்தது. நான் பின்னால் நின்று, இலக்கியம் படித்த தைரியத்தில், "ஒரு காதலன் இருந்திருப்பான்" என்றேன்.

"பேப்பரிலை இருக்கோ?"

"இல்லை. ஒரு ஊகம்."

"பேப்பரிலை சப்பாத்துத்தான் இருக்கு, அங்கிள். புதுச் சப்பாத்தோட போனவ எண்டு மட்டும்தான் நாங்கள் எழுதலாம். ஆள் ஓடிப் போன பிறகும் நீங்கள் அவவைச் சும்மா விடுறியள் இல்லை."

மூக்கு உடைந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஜூன் கடைசியில் அவர்களுடைய பேராசிரியை, ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு யாராவது குடும்பப் பத்திரம் கொண்டுவந்து காட்டலாம் என்றார். மாணவர்களைத்தான் கேட்டார். நான் கை தூக்கினேன்.

கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். பட்டங்களை ராகத்தோடு தமிழில் வாசித்தேன். பிறகு வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். வளவு. பனங்காணி. கிணற்றில் பாதிப் பங்கு. பாதியா என்று யோசிக்க நேரமில்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோடு ஒரு சோடி. பித்தளை விளக்கு ஒன்று. அடுத்த வரியில் கண் போனது, வாய் போகவில்லை. "இன்னும் சில வீட்டுச் சாமான்கள்" என்று சொல்லிவிட்டுப் பசுமாட்டுக்குத் தாவினேன்.

"அங்கிள், ஒரு வரி விட்டிட்டியள்."

அந்தத் தமிழ்ப் பிள்ளை என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். கோழி கிளறிய எழுத்தை எங்கே படித்தாள் என்றால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். பிள்ளைகளை அங்கே அனுப்பாத பெற்றோரைத் திட்டி எழுதியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விரலை வைத்து வாசித்தாள். "அடிமைப் பெண் ஒன்று." பிறகு ஒரு பெயர். "அவள் பெறும் பிள்ளைகளும்."

விளக்குக்கும் பசுமாட்டுக்கும் நடுவில்.

என்ன எழுதியிருக்கிறது என்று பேராசிரியை கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "அங்கிள் மொழிபெயர்ப்பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மொழிபெயர்த்தேன். என் ஆங்கிலம் ஒருநாளும் அவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை மேசைக்கு ஒரு படிவத்தோடு வந்தாள். கோடை முடிவில் நூலகக் கூடத்தில் அவர்கள் வைக்கும் கண்காட்சியில், கடல் கடந்த உதாரணமாக அந்த வரியை வைக்க வேண்டுமாம். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வைக்காமல் முடியாதாம்.

"அம்மான்ர ஆக்களுக்குப் பழைய பேப்பர் எண்டு ஒண்டுமில்லை" என்றாள். "உறுதியிலை இருக்கிற இவ எங்கட ஆளோ தெரியாது. தெரியாது எண்டுதான் எழுதுவன். ஆனா இவவின்ர பேர் உங்கட வீட்டு அலுமாரியை விட்டால் வேறெங்கையும் இல்லை. நீங்கள் எரிச்சால் முடிஞ்சுது."

"நான் எரிக்க மாட்டன், பிள்ளை."

"வாசிக்கவும் மாட்டியள்."

அண்ணைக்கு டெலிபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கு விசரே?" என்றார். "என்ர மகளுக்குச் சம்பந்தம் பேசிற நேரம், உதைக் கொண்டுபோய்ச் சபையிலை வாசிச்சிட்டு நிக்கிறாய்."

"எங்கட ஆக்கள் செய்ததுதானே, அண்ணை."

"எல்லாரும் செய்தவை. எல்லாரும் செய்ததை நாங்கள் மட்டும் ஏன் சொல்லோணும்? அந்தப் பேர் இல்லாமல் இவ்வளவு காலமும் ஆருக்கு என்ன குறைஞ்சது?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். தினமும் எதிரே உட்கார்ந்து சுருள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் "ஓம் அண்ணை" என்றேன்.

ஐந்து வாரம் படிவம் ஒவ்வொரு காலையும் பொன்ஜூரோடு மேசைக்கு வந்தது. நான் சுருள் தேடப் போய்விடுவேன். இல்லாத சுருள்களையும் தேடினேன். ஓகஸ்டில் ஒரு காலை படிவம் வரவில்லை. பொன்ஜூரும் வரவில்லை. நானே எழுந்து போய்க் கேட்டேன்.

"பின்னேரம் அச்சுக்குப் போகுது" என்றாள், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "அந்த இடத்தை வெறுமையாய் விடுறம். 'குடும்பம் அனுமதிக்கவில்லை' எண்டு கீழை வரும்."

மனச்சாட்சி உறுத்திக் கையெழுத்து வைத்தேன் என்று எழுத ஆசை. அந்த வெறும் கட்டத்துக்கு முன்னால் தினமும் நடந்து வேலைக்கு வர வேண்டுமே என்பதுதான் காரணம். படிவத்தின் அடியில் ஒரு கேள்வி: உரிமையாளர் குடும்பத்தின் பெயரைப் போடலாமா? "இல்லை" என்பதன் கீழ் கோடிட்டேன்.

அவள் அதைப் பார்த்தாள்.

"இஞ்சை விளம்பரம் போட்டுத் தேடினவை கூடத் தங்கட பேரைப் போட்டவை, அங்கிள்."

கோட்டை நான் மாற்றவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

கண்காட்சி திறந்த நாளில் அந்தப் பெயர், உறுதியின் வரிகளுக்கு மேலே, தனியாக, பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்துப் பலகையில் புதுச் சப்பாத்தோடு போனவள். உறுதியில் உள்ள பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்தக் கட்டுரையில் யாருடைய பெயரும் இல்லை, என்னுடையதை விட்டுவிட்டு அவளுடையதை மட்டும் எழுதும் தகுதி எனக்கில்லை. அவளுடையது சுவரில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மா வேலை உடுப்போடு வந்து, அதன் முன்னால் கைப்பையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். என்னை அறிமுகப்படுத்தினாள் மகள். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். நான் எவடம் என்று அவர் கேட்கவில்லை.

குடும்பப் பெயர் இல்லை என்று உறுதிசெய்த பிறகு அண்ணையும் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளை தெளிவாக அச்சடித்திருந்த உறுதியை வாழ்க்கையில் முதல்தரம் முழுதாக வாசித்தார். நான் பக்கத்தில் நின்று அவர் கண் எந்த வரியில் என்று பார்த்தேன். இரண்டாம் தரமும் வாசித்தார். முகம் கறுத்தது. மெட்ரோ நிலையம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பச்சை லைன் ரயில் வந்து கதவு திறக்கும்போதுதான் சொன்னார்:

"கிணறு பாதி எண்டு போட்டிருக்கிறாள். பேர் போடாமல் விட்டது நல்லதாய்ப் போச்சு."